மூன்றாம் வரிசை, பதினான்கும் பதினைந்தும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். பல்வலி மட்டும் விருந்தாளி மாதிரி வந்து தங்கிவிட்டுப் போகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானும் அவருடைய தொட்டி மீன்களும் சௌக்கியமா?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நம் இருவரில் ஒருவர் வைத்துவிடுகிறோம். ஆகவே தபால்தான் நமக்குச் சரி. இதில் இடையில் புகுந்து பேச முடியாது. கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எனக்குக் குடும்பம்னு ஒண்ணு இருக்கு. உனக்கு யாரு இருக்கா? அந்த கிரவுண்டைக் கட்டிக்கிட்டு அழு." நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று எழுதினால் பொய். ஒரு வாரம் கோபித்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், நீ சொன்னது சரிதான். கிரவுண்டைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கல்லூரிகளுக்கு இடையிலான ஹாக்கிப் போட்டி எங்கள் கல்லூரி மைதானத்தில் அடுத்த வாரம் ஆரம்பம். சனி ஞாயிறு தோறும் ஆட்டம். டிக்கெட் பிரிவு வழக்கம்போல என்னுடையது. அறிவிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல் இந்த வருடம் மைக்கையும் என் கையில் திணித்துவிட்டார்கள். ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர அறை. அதில் உட்கார்ந்து யார் கோல் போட்டார், யாருக்கு எச்சரிக்கையாகப் பச்சை அட்டை என்று நான் சொல்ல வேண்டும்.

எங்கள் போட்டிக் கமிட்டியின் பொருளாளரை உனக்குத் தெரியாது. நாங்கள் அவரைக் கால்குலேட்டர் என்போம். போன வருடம் ஓர் ஆட்டத்துக்கு முன்னூறு பேர் வந்தார்கள். டிக்கெட் விலையை மூன்று மடங்காக்கினால் அதே முன்னூறு பேர் மூன்று மடங்கு கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஒரு டிக்கெட் விலையில் இப்போது இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். "வர்றவங்க மாணவருங்க, அவங்க அப்பா அம்மா. எங்கேர்ந்து சார் கொடுப்பாங்க?" என்றேன். "தரமான ஆட்டத்துக்குத் தரமான விலை" என்றார். வசூல் குறைந்தால் அடுத்த வருடம் ஆட்டங்களை விடுதிக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி மைதானத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களாம். அங்கே உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. டிக்கெட் பிரிவும் கிடையாது.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். ஆன்லைனில் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அன்றைய ஆட்டத்தைப் போனில் பார்க்க ஒரு லிங்க் வரும். வாங்காதவர்களுக்கு வராது.

நீயும் அத்தானும் ஒரு முறை வந்து போங்களேன். மூன்றாம் வரிசை, பதினான்கு பதினைந்து. மொத்த கேலரியிலும் அதுதான் நல்ல இடம். என் அறைக்கு நேர் எதிரே.

தம்பி


ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் மாடி ஏறும்போது பேசுகிறது, இறங்கும்போது ஏசுகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பல்லை உடனே காட்டு. நீ தள்ளிப்போடுகிற ஆள்.

விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளின் பிரிவில்தான் இன்னும் இருக்கிறேன். போன வாரம் ஒருவர் வந்து, தன் பெட்டி கறுப்பு நிறம், சக்கரம் உண்டு என்று அடையாளம் சொன்னார். உள்ளே இருந்த எல்லாப் பெட்டிகளும் கறுப்பு, எல்லாவற்றுக்கும் சக்கரம் உண்டு. "உள்ளே என்னங்க இருக்கு?" என்று கேட்டால், "வீட்டுக்காரிதான் அடுக்கினா, எனக்குத் தெரியாதே" என்கிறார். இப்படி ஒரு நாளைக்கு நாலு பேர்.

லீவு கிடைப்பது கஷ்டம். வர முடியாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

போனில் சொன்னதை மறந்துவிடு. வாய் முந்திக்கொண்டது.

விலையை ஏற்றியவர்கள் உன்னைக் கேட்டா ஏற்றினார்கள்? நீ ஏன் அவர்களோடு மல்லுக்கு நிற்கிறாய்? வேலையைப் பார்த்துக்கொண்டு போ. வசூல் குறைந்தால் உன்னை என்ன செய்வார்கள் என்று மட்டும் எழுது.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. பல்லைக் காட்டினேன். பிடுங்கலாம் என்றார் டாக்டர். பிறகு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அத்தானைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அவருக்கும் உடம்பு சுகம்தானே?

முதல் நாலு வாரமும் கவுண்ட்டரில் ஈ ஓட்டினேன். கேலரி காற்று வாங்குகிறது. மாற்று ஆட்டக்காரர்களையும் தண்ணீர் பாட்டில் தூக்கி வந்தவர்களையும் கழித்துவிட்டால் ஒரு வேனில் ஏற்றிவிடலாம், அவ்வளவு கூட்டம். கோல் விழுந்தால் நான் மைக்கில் முழங்குகிறேன், எதிர்ப் பக்கச் சுவரில் மோதி என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது. கைதட்ட ஆள் இல்லாத இடத்தில் கத்துவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஓடி ஓடி மூச்சு வாங்க நிற்கும்போது, பெயரைக்கூடச் சத்தமாகச் சொல்லாவிட்டால் எப்படி?

பெண்கள் அணி ஒன்றில் கோல் காக்கும் பெண்ணை எல்லோரும் மதில் என்று கூப்பிடுகிறார்கள். அவளைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். அவள் அம்மா பேருந்து நடத்துநர். போன வருடம் ஓர் ஆட்டம் விடாமல் சீருடையோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். இந்த வருடம் கவுண்ட்டரில் விலையைக் கேட்டார், "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தால் மைதானத்துக்கு வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அங்கிருந்து ஒரு பக்கத்துக் கோல் மட்டும்தான் தெரியும். மகள் இந்தப் பக்கம் நிற்கும் பாதி ஆட்டம் அவருக்கு உண்டு, மறு பாதி கிடையாது. வாசலில் டிக்கெட்டைச் சோதிப்பது மெஷின். அதனிடம் தயவு தாட்சண்யம் செல்லாது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நான் உனக்கு எழுதிய அதே இரண்டு சீட்டும், மூன்றாம் வரிசை பதினான்கும் பதினைந்தும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆன்லைனில் விற்றுப்போகின்றன. மொத்தத்தில் அதிக விலை சீட்டுகள் அவை. ஆனால் ஒரு நாளும் யாரும் வந்து உட்காரவில்லை. வாங்குவது யார் என்று எங்களுக்குத் தெரியாது, விற்கிற கம்பெனி சீட்டு எண்ணை மட்டும்தான் கொடுக்கும். எந்தக் கொழுத்த மகராசனோ. போன கமிட்டிக் கூட்டத்தில் விலையைக் குறைக்கச் சொல்லி நான் பேசினால், கால்குலேட்டர் அந்த இரண்டு சீட்டைத்தான் காட்டுகிறார். "விலை அதிகம்னா இது மட்டும் எப்படிங்க போகுது? விலை பிரச்சினை இல்லை. உங்க விளம்பரம் பத்தலை." அந்த மகராசன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். வராதவனுக்கு டிக்கெட் எதற்கு?

வசூல் குறைந்தால் என்னை விடுதி ஸ்டோருக்கு மாற்றுவார்கள் என்று பேச்சு. வாளி, துடைப்பம், பல்பு. கேட்டாயே என்று சொன்னேன்.

தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதம். வீடு மாற்றினேன். புது முகவரி மேலே இருக்கிறது, குறித்துக்கொள். சின்ன வீடு. ஓர் அறை, ஒரு ஜன்னல், பெருக்குவது சுலபம். மாடி இல்லை, முழங்காலுக்கு நல்லது.

டிக்கெட் வாங்கிவிட்டு வராதவரை அப்படித் திட்டாதே. வர முடியாத காரணம் ஏதாவது இருக்கும். எல்லோரும் உன்னைப் போல நினைத்ததை மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்களா?

விடுதி ஸ்டோருக்குப் போகாதே. உனக்கு அங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. வசூல் எவ்வளவு வந்தால் விடுவார்கள்?

பல்லைப் பிடுங்கிக்கொள். வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஓர் அறை வீடா? அத்தான் எப்படி ஒப்புக்கொண்டார்? அவருடைய மீன் தொட்டியை வைக்கவே ஒரு சுவர் வேண்டுமே. இரண்டு கடிதமாகக் கேட்கிறேன், நீ நழுவுகிறாய். ஏதாவது இருந்தால் சொல்.

நல்ல செய்தி ஒன்று. கூட்டத்தில் விடாமல் மல்லுக்கு நின்றேன். மாணவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குப் பழைய விலை என்று எழுதிக் கொடுத்தேன். கடைசியில் கால்குலேட்டரே இறங்கி வந்தார். அரை இறுதியிலும் டிக்கெட் போகவில்லை என்றால், விலைதான் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு, இறுதி ஆட்டத்துக்கு என் விலையே வைத்துக்கொள்ளலாமாம். நான் டிக்கெட் விற்கிறவன். இன்றைக்கு, ஒரு டிக்கெட்கூட விற்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கூத்தை வேறு யாரிடம் சொல்வேன்?

மதிலின் அணி அரை இறுதிக்கு வந்துவிட்டது. அவள் அம்மாவிடம், "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கம்மா, இறுதி ஆட்டத்துக்கு உள்ளே உக்காந்து பாக்கலாம்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் சிரித்தார்.

ஞாயிறு முழுதும் எனக்கு இருமல். உடம்புக்கு வேறொன்றும் இல்லை.

தம்பி


மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் காணோம். வேலை மும்முரம் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் நலம். இங்கே பெட்டிகளும் நலம்.

தொண்டையைக் கவனி. போனதுக்கு முந்தின ஞாயிறு மூன்றாம் கால் பகுதி முழுக்க இருமினாய். பெனால்டி கார்னர் யாருக்கு என்று சொல்ல வாயெடுத்து, இருமி, கடைசியில் சொல்லாமலே விட்டுவிட்டாய். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு இருமக் கூடாதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. இரவில் தலையைத் துவட்டாமல் படுக்காதே.

அரை இறுதியைப் பற்றிக் கவலைப்படாதே. உன்னை ஸ்டோருக்கு மாற்ற மாட்டார்கள். நல்லதாகவே நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடத் தெம்பு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா? என் போன கடிதத்துக்குப் பதிலும் இல்லை.

எல்லாம் கெட்டது. அரை இறுதிக்கு இரண்டு நாள் முன்னால், ஒரே சாயங்காலத்தில் நாற்பது டிக்கெட் ஆன்லைனில் விற்றது. மூன்றாம் வரிசை முழுக்க, நாலாம் வரிசையில் பாதி. பட்டியலை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். ஆட்டத்தன்று ஒருத்தரும் வரவில்லை. அந்த நாற்பது நாற்காலியும் மழையில் நனைந்துகொண்டு கிடந்தன. நான் தகர அறையிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே அறிவிப்புச் செய்தேன்.

கால்குலேட்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? வாங்கறவன் வாங்கிட்டுத்தான் இருக்கான். ஆள் வந்தா என்ன, வராட்டி என்ன? பணம் வந்துடுச்சுல்ல?" இறுதி ஆட்டத்துக்கு விலையை இன்னும் ஏற்றலாம் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டார்கள். எனக்கு முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், அக்கா. டிக்கெட் பிரிவு பிரமாதம் என்றார்கள்.

மதிலின் அணி ஜெயித்து, பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில் நடக்கும் இறுதிக்குப் போகிறது. ஆட்டம் முடிந்ததும் அவள் அம்மா கவுண்ட்டருக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. புது விலையைச் சொன்னேன். சொல்லும்போது நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "பரவால்லைங்க, வேலியோரமே நின்னுக்கறேன். பழகிடுச்சு" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிறார்.

இதைச் செய்தது யாரென்று தெரியவில்லை. ஆனால் அவர் எனக்குச் செய்த கெடுதலை என் விரோதிகூடச் செய்ய மாட்டான்.

தம்பி


ஏப்ரல் 4

அக்கா,

உன் 26-ஆம் தேதிக் கடிதம் இன்று வந்தது.

நான் இருமியது உனக்கு எப்படித் தெரியும்? எழுதியிருந்தேன், ஆனால் மூன்றாம் கால் பகுதி என்று எழுதவில்லை. பெனால்டி கார்னர் பற்றி எழுதவே இல்லை. அன்று கேலரியில் இருந்தவர்களை எனக்கு முகம் தெரியும். மற்றபடி அதைக் கேட்டிருக்கக்கூடியவர் டிக்கெட் வாங்கி லிங்க் பெற்றவர் மட்டும்தான்.

மூன்றாம் வரிசை நீதானா? அந்த நாற்பதும் நீதானா?

போன கடிதத்தில் கன்னாபின்னாவென்று எழுதிவிட்டேன். அது உனக்கு வந்து சேருவதற்குள் இது வந்துவிட்டால் அதைப் பிரிக்காமல் போட்டுவிடு. வந்துவிட்டது என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று. எதற்கு இரண்டு சீட்டு? அத்தான் எங்கே?

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டும் வந்தன. திட்டிய கடிதம்தான் முதலில் வந்தது. பிரித்துப் படித்தேன்.

நான்தான். எல்லாமே நான்தான். உன் மார்ச் 17 கடிதத்தை நீ பழைய முகவரிக்கு அனுப்பியிருக்கிறாய். புது வீட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக விசாரித்துவிட்டு, உறைமேல் கைப் பழக்கத்தில் பழைய தெருவை எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் இப்போது இருப்பவர் அதைத் திருத்தித் திருப்பி அனுப்ப, நான் நாற்பது டிக்கெட் வாங்கிய மறுநாள் என் கைக்கு வந்தது. டிக்கெட் விற்காமல் இருக்க வேண்டும் என்று நீ வேண்டிக்கொண்ட வரியை நின்றபடியே படித்தேன். ரத்து செய்யப் பார்த்தேன், அந்தக் கம்பெனி அதற்கு இடம் கொடுக்கவில்லை. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். உன்னை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டால் மைக் வேறு யார் கைக்கோ போய்விடுமே என்றும் நினைத்தேன். அதுவும் உண்மை.

உன் அத்தான் போய்விட்டார். அக்டோபரில். சண்டை ஒன்றும் இல்லை. இன்னொரு ஊரில் இன்னொரு வீடு அவருக்கு இருந்தது, எனக்குத் தெரியாமல் இருந்தது. மீன் தொட்டியைத் தண்ணீரோடு வேனில் ஏற்றிக்கொண்டு போனார். நீ ஒவ்வொரு கடிதத்திலும் அவரை விசாரித்தாய். உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, எனக்கும் யாரும் இல்லை என்று எந்த முகத்தோடு எழுதுவது?

ஏன் இரண்டு சீட்டு என்று கேட்கிறாய். அந்தத் திரையில் எத்தனை பேர் என்று கேட்கிறது. முதல் முறை விரல் தானாக இரண்டை அழுத்திவிட்டது. இருபத்தாறு வருடப் பழக்கம். அப்புறம் ஒன்று என்று மாற்ற மனம் வரவில்லை.

ஹாக்கி எனக்குப் புரியாது. பந்து எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. வேலை விட்டு வந்து, போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டுச் சமைப்பேன். நீ பேசிக்கொண்டிருப்பாய். வீட்டில் ஒரு மனுஷக் குரல் கேட்கும். அதற்காகத்தான்.

போய் உன் கமிட்டியிடம் சொல். என் அக்காதான் வாங்கினாள், ஊரில் ஒருத்தரும் வாங்கவில்லை என்று சொல். அந்த அம்மா வேலியில் நிற்க வேண்டாம்.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அத்தான் மேல் எனக்கு வரும் வார்த்தைகளைத் தபாலில் அனுப்ப முடியாது. இத்தனை மாதம் நீ ஒற்றையாக இருந்திருக்கிறாய், நான் மீன் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மனது ஆறவில்லை.

கமிட்டியிடம் சொன்னேன். டிக்கெட் பிரிவு ஆளின் அக்காவே டிக்கெட் வாங்கியிருக்கிறாள் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள், சொல். வசூலை உயர்த்திக் காட்ட நான் நடத்திய நாடகம் என்றார் ஒருவர். கால்குலேட்டர் மட்டும் விற்பனைப் பட்டியலை இழுத்து வைத்துப் பார்த்தார். பிறகு, "அப்போ உண்மையில எத்தனை பேர்தான் வாங்கினாங்க?" என்று கேட்டார். கவுண்ட்டரில் விற்றதைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. டிக்கெட் பிரிவை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் முதல் வாளி, துடைப்பம், பல்புதான். மைக்குக்கு வேறு ஆள் அகப்படாததால் அது மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆனால் இறுதி ஆட்டத்துக்கு மாணவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குப் பழைய விலை என்று எழுதி ஒட்டினார்கள்.

அக்கா, கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னிடம் லிங்க் இருந்ததே, பார்த்திருப்பாய். படியில் உட்கார்ந்தார்கள், தரையில் உட்கார்ந்தார்கள், விடுதியிலிருந்து தட்டைக் கொண்டுவந்து தட்டினார்கள். நீ வாங்கியிருந்த இரண்டு சீட்டில் அந்த நடத்துநர் அம்மாவையும் அவருடைய கடைசி மகனையும் உட்காரவைத்தேன். நீ ஒன்றும் சொல்லமாட்டாய் என்று தெரியும். பெனால்டி ஷூட் அவுட் வரை போனது. மதில் நாலைத் தடுத்தாள், ஐந்தாவது போய்விட்டது; அவள் அணி அடித்ததில் ஒன்றும் விழவில்லை. தோற்றாலும் மொத்த கேலரியும் எழுந்து நின்று அவள் பெயரைக் கத்தியது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அம்மாவைத் தேடினாள், நேர் எதிரே அம்மா நின்றிருந்தார்.

எனக்கு வேறெதுவும் வேண்டாம் போல இருந்தது. நீ பக்கத்தில் இல்லையே என்பது மட்டும்தான்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.

தம்பி


மே 17

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். ரொம்ப சந்தோஷம். அந்தப் பெண் தோற்றதும் நானும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் பையனும் என் சீட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அந்தப் பையன் ஆட்டம் முழுக்க நகத்தைக் கடித்தான்.

ஒன்று சொன்னால் வருத்தப்படாதே. அன்று உன் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஒரே இரைச்சல். நீ பேசுகிறாய் என்று தெரிகிறது, ஸ்பீக்கரில் ஏதோ வருகிறது, ஆனால் கூட்டம் அதை விழுங்கிவிடுகிறது. சத்தத்தை முழுக்க வைத்துப் பார்த்தேன். காதில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது, நீ இத்தனை மாதம் ஆசைப்பட்டது இந்தச் சத்தத்துக்குத்தானே. அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

எல்லோரும் போன பிறகும் நான் போனை அணைக்கவில்லை. கேமராவை அணைக்க மறந்துவிட்டார்கள் போல. நீ மைக்கில் யாரிடமோ, "மேற்கு கேட்டைப் பூட்டியாச்சா?" என்று கேட்டாய். பூட்டியாச்சு என்று அவர் சொல்லியிருப்பார், அது கேட்கவில்லை. "சரி" என்றாய். அவ்வளவுதான். அது நன்றாகக் கேட்டது.

இனி அடுத்த வருடம்தான், இல்லையா? விலையைக் குறைத்தபடியே வைத்திருங்கள். கூட்டம் வரட்டும். நான் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை.

கேமராக்காரரைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கேமராவைப் போட்டு, லிங்கை ஒரு போனுக்கு மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "மேட்ச் இல்லாம எதுக்குங்க?" என்றார். எங்க அக்கா பார்க்கணும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சரி என்றார். கால்குலேட்டரிடமும் அனுமதி கேட்டேன். மின்சாரச் செலவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தார்.

வருகிற ஞாயிறு, நீ வேலை விட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் நேரத்துக்கு, தகர அறையில் உட்கார்ந்து மைக்கைப் போடுவேன். ஆட்டம் எதுவும் இருக்காது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஸ்டோரில் எத்தனை வாளி ஓட்டை என்று சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் ஏணியை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராததைச் சொல்கிறேன். நீ சமைத்துக்கொண்டே கேள்.

கேலரியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் நன்றாகக் கேட்கும்.

தம்பி